செவ்வாய்க்கிழமை மனு

உக்காருங்க தம்பி. பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க. டிக்கெட் குடுக்கிற பொண்ணு பத்தேகாலுக்கு வரும், வந்து சாவியத் தேடும். இந்தப் படியில வெயில் படாது. இங்க உக்காருங்க.

கையில என்ன, அந்தப் புஸ்தகமா? வல்லங்கோட்டை சமஸ்தான வரலாறு. நெனைச்சேன். அரண்மனை பாக்க வர்றவங்க எல்லார் கையிலயும் இப்ப அதுதான் இருக்கு. நூத்திப் பன்னெண்டாம் பக்கம் படிச்சீங்களா? கீழேருந்து நாலாவது வரி. 'அரண்மனை மனு குமாஸ்தா ஒருவர் ஓர் ஏழைப் பெண்ணை ஏமாற்றி' அப்படின்னு போகும். அந்த ஒருவர் நான்தான். மாத்ருபூதம் பிள்ளை. பேரைக்கூடப் போடல பாருங்க. ஒம்பது வருஷம் மகாராஜா பக்கத்துல நின்னு உத்தியோகம் பாத்தவன், 'ஒருவர்'.

எழுதினது யாருன்னு தெரியுமா? காலேஜ்ல சரித்திரம் சொல்லிக் குடுக்கிற பையன். வக்கீல் கோதண்டபாணியோட பேரன். தாத்தா டைரியப் பாத்து எழுதினானாம். எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நான் உயிரோடதானே இருக்கேன்? தெனம் இந்தப் படியிலதானே உக்காந்திருக்கேன்?

சரி. நடந்தது என்னன்னு நான் சொல்றேன். நீங்க யாரோ எவரோ, ரெண்டு பக்கத்துலயும் உங்களுக்கு வேண்டியவங்க கெடையாது. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை தர்பார். உள்ள போனா பாப்பீங்க, பெரிய கூடம், இப்ப பீரங்கியும் பாடம் பண்ணின புலியும் வச்சிருக்காங்க. அங்கதான். இருநூறு பேர், முந்நூறு பேர் மனுவோட நிப்பாங்க. நான் ஒவ்வொண்ணையும் வாங்கி, படிச்சு, மூணு வரியில சாரம் எழுதி, மகாராஜா சௌந்தர பூபதி முன்னாடி வாசிக்கணும். அவர் கேப்பாரு, தீர்ப்புச் சொல்லுவாரு. சில பேருக்கு நெலம் கெடைக்கும். சில பேருக்குக் கன்னத்துல அறை கெடைக்கும். ரெண்டையும் வாங்கிட்டுக் கும்புட்டுட்டுத்தான் போவாங்க. தூக்குத் தண்டனைன்னு கோர்ட்டு சொன்னாலும் மகாராஜா கையெழுத்துப் போட்டாத்தான் கயிறு. அவர் வேண்டாம்னுட்டா வேண்டாம். அப்படி இருந்த எடம்.

நாப்பத்தெட்டுல சமஸ்தானத்த இந்தியாவோட சேத்தாங்க. ஒரு கலெக்டர் வந்தாரு, அரைக்கைச் சட்டை போட்டுக்கிட்டு. கூட ரெண்டு குமாஸ்தா, ஒரு லாரி. கஜானா சாவி, ராஜமுத்திரை, நூறு வருஷத்துக் காகிதக் கட்டு, எல்லாத்தையும் லாரியில ஏத்திக்கிட்டு, ரசீது எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. மகாராஜாவுக்கு ரசீது! அவர் அதக் கையில வச்சுக்கிட்டு நின்ன நிலைய நான் பாத்தேன். முப்பத்தஞ்சு வயசுதான் அவருக்கு.

அடுத்த செவ்வாய்க்கிழமை என்ன பண்ணினாரு தெரியுமா? குளிச்சு, அங்கி போட்டு, தலைப்பாகை கட்டி, வந்து கூடத்துல உக்காந்துட்டாரு. எதிர்ல ஒரு ஈ காக்கா இல்ல. நானும் ரெண்டு சேவகனும்தான். "மனு என்ன இருக்கு பிள்ளை?" அப்படின்னாரு. "இன்னிக்கு ஒண்ணும் இல்ல மகாராஜா." ஒரு மணி நேரம் உக்காந்திருந்துட்டு எந்திரிச்சுப் போனாரு. அடுத்த வாரமும் அதே. மூணாவது வாரம் சாப்பாட்டுத் தட்ட அப்படியே திருப்பி அனுப்பிட்டாரு. டாக்டர் வந்து பாத்துட்டு எங்கிட்ட தனியாச் சொன்னாரு, "உடம்புல ஒண்ணுமில்ல பிள்ளை, மனசுதான். இப்படியே விட்டா ஆகாது."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் வேற யாருக்கு உத்தியோகம் பாத்தேன்?

அப்பத்தான் காத்தாயி வந்தா.

கீழக்குறிச்சிக்காரி. பதினோரு மைல் நடந்து வந்திருந்தா. முப்பது வயசு இருக்காது, ஒத்தநாடி உடம்பு. அவளுக்கு ஒரே தம்பி, அடைக்கலம்னு பேரு, இருபது வயசு. அவன் தவழ்ற வயசுலயே ஆத்தாக்காரி செத்துட்டா. தான் கட்டிப் போயிட்டா இவனை யாரு பாப்பாங்கன்னு இவ கல்யாணமே கட்டிக்கல. அந்தப் பய கண்மாய் மடையில தண்ணி தொறக்கிற சண்டையில ஒருத்தனை மம்பட்டியால ஒரே போடு. அவன் மூணாம் நாள் போய்ச் சேந்துட்டான். சமஸ்தானக் கோர்ட்டு, தூக்குன்னு தீர்ப்புச் சொல்லி மேல்கோர்ட்டும் சரின்னுருச்சு. அதுக்குள்ள சமஸ்தானமே போச்சு. பயலத் திருச்சி ஜெயிலுக்கு மாத்திட்டாங்க.

இவளுக்கு அதெல்லாம் தெரியாது. வாசல்ல சேவகன் சொல்றான், "ஆத்தா, இங்க இப்ப ஒண்ணும் கெடையாது. கலெக்டர் ஆபீசுக்குப் போ." இவ, "கலட்டரு யாரு? எனக்கு ராசாதான் வேணும். உசுரக் குடுக்கிறது எடுக்கிறதெல்லாம் ராசாதான்னு எங்கப்பன் சொல்லியிருக்கு" அப்படிங்கறா.

நான் மாடியிலேருந்து பாத்துக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரியும், கருணை மனு இனிமே மெட்ராஸுக்குத்தான் போகணும்னு. கலெக்டர் குடுத்த சுற்றறிக்கைய வாங்கிக் கையெழுத்துப் போட்டவனே நான்தான். அதனால ஒரு நிமிஷம் யோசிச்சேன் தம்பி. யோசிக்காம இல்ல. புஸ்தகம் எழுதினவனுக்கு அது தெரியாது. ஒரு நிமிஷம் நல்லா யோசிச்சேன். அப்புறம் கீழ எறங்கிப் போய், "அவளை உள்ள விடு"ன்னேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைய நீங்க பாத்திருக்கணும். நான் மூணு வரி சாரம் வாசிக்கிறேன். மகாராஜா நிமிந்து உக்காந்தாரு. மொகத்துல ரத்தம் வந்துச்சு.

"எந்த ஊர்?"

"கீழக்குறிச்சி சாமி."

"இந்த வருஷம் கண்மாய் பெருகிச்சா?"

"பெருகல சாமி. அதுலதான் சண்டையே வந்துச்சு."

மகாராஜா என் பக்கம் திரும்பி, "கண்மாய் பெருகாதது நம்ம குத்தம் பிள்ளை"ன்னாரு. எப்பேர்ப்பட்ட மனசு பாருங்க! "விசாரிச்சு அடுத்த செவ்வாய் சொல்றோம்"னுட்டு எந்திரிச்சாரு. அன்னிக்கு மோர்க்குழம்ப ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. சமையக்காரர் அழுதுட்டாரு சந்தோஷத்துல.

அப்புறம் நான் என்ன பண்ண? வாரா வாரம் அவளை வரச் சொன்னேன். ஒரு வாரம் ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேர் சாட்சி வேணும்னேன். கூட்டிட்டு வந்தா. ஒரு வாரம் அரண்மனை அம்மன் கோயில உருண்டு சுத்தி வரணும்னேன். சுத்தினா. பங்குனி வெயிலு, கல்லுத் தரை. மனுக் கொண்டு வர்றவங்க தெப்பக்குளத்துல முழுகி ஈரச்சேலையோடதான் கூடத்துக்குள்ள வரணும்னு ஒரு விதி வச்சேன். அது எந்தச் சட்டத்துல இருக்குன்னு கேக்காதீங்க. பாக்க நல்லா இருந்துச்சு. மகாராஜாவுக்கும் அது பிடிச்சிருந்தது. எல்லாம் பழையபடி நடக்குதுங்கற மாதிரி ஒரு தோரணை வந்துச்சு.

அவ ஒரு வாரம்கூடத் தவறல. முகம் சுளிச்சதில்ல. கீழக்குறிச்சியில ஒரு நாள் முன்னாடியே பொறப்பட்டு வந்துருவா.

சித்திரையில மகாராஜாவோட மைத்துனர் சிநேகிதர்களோட வந்திருந்தாரு. குதிரைப் பந்தயம், கிளப்புன்னு சுத்துற ஆளுங்க. "உங்க அரண்மனையில இன்னும் தர்பார் நடக்குதாமே, பாக்கணுமே"ன்னாங்க. நாற்காலி போட்டு உக்கார வச்சோம். காத்தாயி வந்து நின்னா, ஈரச்சேலை சொட்டச் சொட்ட. மைத்துனர் தன் குடைய அவகிட்ட நீட்டினாரு.

"இதுதான் மம்பட்டின்னு வச்சுக்க. உன் தம்பி எப்படி அடிச்சான்? காட்டு."

அவ குடைய வாங்கல. என்னப் பாத்தா. நான் கண்ணால சைகை காட்டினேன், செய்யின்னு. வாங்கிக் காட்டினா. "அடி வாங்கினவன் எப்படி விழுந்தான்?" அதையும் காட்டினா. ஈரக்காலு, சலவைக்கல்லு. வழுக்கி நெஜமாவே விழுந்துட்டா. முழங்கையில அடி, ரத்தம். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. மகாராஜாவும் சிரிச்சாரு. சமஸ்தானம் போனதுக்கப்புறம் அவர் சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான். அந்தச் சிரிப்புக்காக நான் என்ன வேணா செஞ்சிருப்பேன்.

"இன்னொரு தடவை"ன்னாரு மைத்துனர்.

அவ எந்திரிச்சு, சேலையச் சரி பண்ணிக்கிட்டுக் கேட்டா, "நல்லாக் காட்டுனா எந்தம்பிய விட்டுருவீகளா சாமி?"

"பாக்கலாம், காட்டு"ன்னாங்க. இன்னொரு தடவை காட்டினா. நல்லாவே காட்டினா.

இதுக்கு நடுவுலதான் அந்த வக்கீல். கோதண்டபாணி. நாப்பத்திரெண்டுல இந்த வாசல்லயே கறுப்புக் கொடி பிடிச்சு ஜெயிலுக்குப் போனவரு. அரண்மனைக்குள்ள செருப்பக் கழட்ட மாட்டேன்னு நின்னவரு. கடைத்தெருவுல என்னை நிறுத்தினாரு.

"பிள்ளை, அந்தக் கீழக்குறிச்சிப் பொண்ணோட மனுவ நான் எழுதி வச்சிருக்கேன். மெட்ராஸுக்கு அனுப்பணும். ஒரு கைநாட்டு வச்சாப் போதும். வைக்க மாட்டேங்கறா. ராசா பாத்துக்குவாருன்னு நீங்க சொன்னதாச் சொல்றா. தேதி குறிச்சுட்டாங்க. பதினாறு நாள்தான் இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வச்சுருவா."

"சொல்றேன்"னேன்.

"சொல்லுவீங்களா?"

"சொல்றேன்யா."

அவர் என் கைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு. நான் வீட்டுக்குப் போய்க் கைய அலம்பினேன்.

காத்தாயிகிட்ட சொன்னேன். என்ன சொன்னேன்? "அந்த ஆளு காகிதத்துல நீ கைநாட்டு வச்சா, மகாராஜா மேல உனக்கு நம்பிக்கை இல்லைன்னு ஆயிரும். அப்புறம் அவர் உன் மனுவத் தொட மாட்டாரு. உன் இஷ்டம்." மெரட்டல தம்பி, உன் இஷ்டம்னுதான் சொன்னேன். அவ அம்மன் சன்னதியில கற்பூரத்த அணைச்சு, வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டா. அது அவளா பண்ணினது. நான் கேக்கல.

ஏன் சொன்னேன்னு கேப்பீங்க. அவ வக்கீல் பின்னாடி போயிட்டா அடுத்த செவ்வாய்க்கிழமை கூடத்துல யாரு நிப்பா? இருநூறு பேர் நின்ன எடத்துல ஒருத்திதானே இருந்தா? அவளையும் அவங்களுக்குக் குடுக்கணுமா? சாவியக் குடுத்தாச்சு, முத்திரையக் குடுத்தாச்சு, ஊரைக் குடுத்தாச்சு. இவளையுமா?

கடைசியா அந்தச் செவ்வாய்க்கிழமை, தர்பாருக்கு முன்னாடி மகாராஜா என்னத் தனியாக் கூப்பிட்டாரு. ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு, "பிள்ளை, நாம எழுதிக் குடுக்கிறது அங்க செல்லுமா?"ன்னு கேட்டாரு.

"மகாராஜா வார்த்தை எங்க செல்லாது?"ன்னேன்.

அவர் திரும்பி என்னப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம், "சரி, எழுது"ன்னாரு.

எழுதினேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் அப்ப. 'அடைக்கலம் என்பவனுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை ரத்து செய்து உத்தரவாகிறது.' முத்திரைக்கு எங்க போறது? கலெக்டர் கொண்டு போயிட்டாரே. அரண்மனை மளிகை அறையில ஒரு முத்திரை இருந்துச்சு, சர்க்கரை மூட்டையில குத்துறது. அதுலயும் அதே மயில்தான். அரக்க உருக்கி ஊத்தி அதக் குத்தினேன். வித்தியாசம் தெரியாது.

கூடத்துல பழையபடி கொம்பு ஊதினோம். காத்தாயி முந்தானைய விரிச்சு வாங்கினா. வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. மகாராஜா எந்திரிச்சு நின்னு கை தூக்கி ஆசீர்வாதம் பண்ணினாரு. அப்படியே சாமி சிலை மாதிரி இருந்தாரு. நான் சொல்றேன், அந்த அரண்மனை கட்டினதுக்கே அந்த நிமிஷம்தான் அர்த்தம்.

அவ நேரே திருச்சிக்குப் போயிட்டா. பாதி தூரம் நடை, பாதி தூரம் வைக்கோல் வண்டி. ஜெயில் சூப்பரண்டு அதப் படிச்சுப் பாத்தாராம். அவளை உக்கார வச்சு, தண்ணி குடுத்து, "அம்மா, இது செல்லாது. ராஜாவுக்கு இப்ப அதிகாரம் இல்ல"ன்னு எடுத்துச் சொன்னாராம். அவ கேக்கல. "மயில் முத்திரை இருக்குல்ல, பாருங்க சாமி, மயில் இருக்குல்ல"ன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தாளாம். சரி போகட்டும்னு தம்பியப் பாக்க விட்டாங்க. அவ கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன்கிட்ட, "ராசா உன்ன விட்டுட்டாருடா. உத்தரவு வந்துருச்சு. இவங்க கணக்குப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்கு வந்துருவ"ன்னு சொல்லிட்டு வந்துட்டா.

வக்கீல் கேள்விப்பட்டு, கைநாட்டு இல்லாமலே மனுவத் தூக்கிக்கிட்டு மெட்ராஸுக்கு ரயிலேறினாரு. அங்க கைநாட்டு எங்க, யாரு அதிகாரம் குடுத்தான்னு ஒவ்வொரு மேசையா அலைய விட்டிருக்காங்க. தண்டனைய நிறுத்தி வைக்கச் சொல்லித் தந்தி போனது வியாழக்கிழமை மத்தியானம். அடைக்கலத்தத் தூக்குல போட்டது வியாழக்கிழமை விடியக்காலம்.

அங்க வார்டரா இருந்தவன் நம்ம ஊர்க்காரன்தான். அவன் சொன்னான் எங்கிட்ட. முந்தின நாளு தூக்கு உத்தரவ வாசிச்சுக் காட்டினப்பகூட அந்தப் பய சிரிச்சானாம், 'இது பழைய உத்தரவு, புதுசு வந்துருச்சு'ன்னு. விடியக்காலம் குளிக்க வச்சுக் கூட்டிட்டுப் போறப்ப, "வீட்டுக்கா ஐயா? அக்கா வெளிய நிக்குதா?"ன்னு கேட்டானாம். பயப்படாம நடந்து போனானாம். எத்தனை பேருக்குக் கெடைக்கும் அப்படிப் போறது? நான் இத வக்கீல்கிட்டகூடச் சொன்னேன். அந்த ஆளு எம்மூஞ்சியப் பாத்துட்டு ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்டாரு.

அதுக்கடுத்த செவ்வாய்க்கிழமை அவ வந்தா தம்பி. வருவான்னு யாரும் எதிர்பாக்கல. சேவகன் கதவச் சாத்தப் போனான். அவ குளத்துல முழுகி, ஈரச்சேலையோட, யாரும் கூப்பிடாம நேரே கூடத்துக்குள்ள வந்துட்டா. மகாராஜா சிம்மாசனத்துல இருக்காரு. மண்ண வாரித் தூத்தப் போறா, சாபம் விடப் போறான்னு நெனைச்சேன்.

அவ நெடுஞ்சாண்கிடையா விழுந்தா. விழுந்தபடியே சொன்னா, "ராசா குடுத்த உத்தரவ அவங்க மதிக்கலையே சாமி. என்னால ராசாவுக்கு இப்படி ஒரு அவமானம் வந்துருச்சே. மன்னிக்கணும் சாமி."

மகாராஜா எந்திரிச்சாரு. தலைப்பாகையக் கழட்டி ஆசனத்துல வச்சுட்டு உள்ள போயிட்டாரு. அதோட செவ்வாய்க்கிழமை தர்பார் முடிஞ்சுது. அடுத்த மாசம் கொடைக்கானல் போனவர் திரும்பியே வரல. பத்து வருஷம் அங்கயே குடிச்சு, அங்கயே போயிட்டாரு. அரண்மனைய சர்க்கார் எடுத்துக்கிச்சு. என் உத்தியோகமும் போச்சு.

அவ வராம இருந்திருக்கலாம்ல? அதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறல. எவ்வளவு பாடுபட்டு அவரைத் தூக்கி நிறுத்தி வச்சிருந்தேன். ஒரே வார்த்தையில கவுத்துட்டா. ஆனா வேணும்னு செய்யல, அது எனக்குத் தெரியும். அதனால நான் அவமேல கோவம் வச்சுக்கல.

அவ கோவமெல்லாம் வக்கீல் மேலதான். அந்த வெள்ளைத் தொப்பிக்காரங்கதான் ராசா உத்தரவத் தடுத்துத் தம்பியக் கொன்னாங்கன்னு அவ முடிவு பண்ணிட்டா. சந்தைக்கு வர்றப்பல்லாம் வக்கீல் வீட்டு வாசல்ல நின்னு மண்ணத் தூத்துவா, சாணியக் கரைச்சு ஊத்துவா. அந்தாளு கதவச் சாத்திக்குவாரு. அவ போனதும் அவரே வந்து கழுவி விடுவாரு. ஒரு நாள் நானே கேட்டுட்டேன், "ஏன்யா, நடந்தத அவகிட்ட சொல்லிற வேண்டியதுதானே?"ன்னு. "சொல்லி? அவ தம்பிகிட்ட என்ன சொல்லிட்டு வந்தான்னு அவளுக்கே புரியணுமா? நான் திட்டு வாங்கிக்கிறேன், போங்க"ன்னாரு. கடைசி வரைக்கும் சொல்லல. டைரியில மட்டும் எழுதி வச்சுட்டாரு பாருங்க. அதுதான் எனக்குப் பிடிக்கல.

எங்கிட்ட அவ ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்ல. அம்பது வருஷம் தம்பி. வருஷா வருஷம் தை மாசம் புது அரிசியும் ரெண்டு பூசணிக்காயும் கொண்டாந்து என் வீட்டு வாசல்ல வச்சுட்டுப் போவா. "ராசாவுக்கு எங்க மனுவக் கொண்டு போன கையி"ன்னு என் கையத் தொட்டுக் கும்புடுவா. நான் ஏமாத்தியிருந்தா அப்படிச் செய்வாளா? நீங்களே சொல்லுங்க.

போன வருஷம் ஆடியில அவளுக்கு முடியாமப் போச்சு. அரசாங்க ஆஸ்பத்திரியில கெடந்தா. பிள்ளையப் பாக்கணும்னு சொல்லி அனுப்பியிருந்தா. போனேன். எலும்பும் தோலுமா இருந்தா. பக்கத்துல உக்காரச் சொன்னா.

"சாமி, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். எந்தம்பி போன அன்னிக்கு, ராசா என்ன பண்ணுனாரு?"

அந்த வியாழக்கிழமை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மைத்துனர் வேட்டையிலேருந்து ரெண்டு மான் கொண்டாந்திருந்தாரு. தோட்டத்துல மேசை போட்டு இருபது பேருக்கு விருந்து. பாட்டு, சீட்டாட்டம். மகாராஜாவுக்குத் தேதி ஞாபகம் இருந்துச்சோ இல்லையோ, எனக்குத் தெரியாது. எனக்கு ஞாபகம் இருந்துச்சு. நான் பக்கத்துல நின்னு விசிறிக்கிட்டிருந்தேன்.

"மகாராஜா மூணு நாள் பச்சத்தண்ணி பல்லுல படல ஆத்தா"ன்னேன். "அறையச் சாத்திக்கிட்டு உக்காந்துட்டாரு. நாங்க கெஞ்சியும் கேக்கல."

அவ கண்ண மூடிக்கிட்டா. அப்புறம் பாத்தா, ரெண்டு பக்கமும் தண்ணி வழியுது. தம்பி செத்தப்ப அவ அழுது யாரும் பாத்ததில்ல. கூடத்துல விழுந்து கெடந்தப்பகூட அழல.

"பாவம், ராசா"ன்னா. "எங்களால அவரு பட்டினி கெடக்கும்படி ஆயிருச்சே. அவருக்குப் பசி தாங்காதே சாமி."

அப்படியே அழுதுக்கிட்டே இருந்தா. என் துண்டால நான்தான் தொடச்சு விட்டேன். மறுநாள் போயிட்டா.

அந்த மாதிரிக் குடிஜனம் இருந்த ஊரு தம்பி இது.